காத்திருக்கும் செயலி

கணினியிற் படம் தீட்டுவோர் அடிக்கடி கூறும் குறை ஒன்றுண்டு. வீடும் மரமும் மாந்தரும் அமைந்த காட்சியொன்றை முப்பரிமாண வடிவில் ஆக்கிவைத்து, அதனை ஒளியும் நிழலும் பொருந்திய படமாக மாற்றித் தருமாறு கணினியைப் பணிக்கின்றனர். ரெண்டரிங் என்று வழங்கும் இப்படமாக்க வேலை மணிக்கணக்கில் நீள்கிறது. அவ்வேளையில் டாஸ்க் மேனேஜர் என்னும் அளவுகாட்டியைத் திறந்து பார்த்தால், செயலியின் ஆற்றலில் 10 விழுக்காடுகூடப் பயன்படவில்லை என்று அது காட்டுகிறது. வேலையோ மலைபோற் குவிந்து கிடக்கிறது. வேலை செய்ய வேண்டியதோ சும்மா இருக்கிறது! இஃது எங்ஙனம்?

இதனைக் காண்போர் பெரும்பாலும் இரண்டு முடிவுகளுள் ஒன்றுக்கு வருகின்றனர். செயலி பழுதுற்றது என்பது ஒன்று. இதைவிட ஆற்றல் மிக்க செயலியை வாங்கினால் குறை தீரும் என்பது மற்றொன்று. பல வேளைகளில் இரண்டுமே பிழையாகப் போகின்றன. சும்மா இருக்கும் பொறிக்கு மேலும் ஆற்றலைக் கூட்டுவதால் என்ன பயன்? முன்னே எட்டில் ஒரு பங்கு உழைத்தது, பின்னே பதினாறில் ஒரு பங்கு உழைக்கும், அவ்வளவே. பள்ளியின் சிறு நிதியும், பிள்ளைகளுக்கென்று பெற்றோர் சேர்த்த பணமும் இவ்வாறு வீணாவதற்கு இடமுண்டு.

இக்கேள்வி இன்று நேற்றுத் தோன்றியதன்று. கணிப்பொறி என்னும் எண்ணம் பிறந்த நாள்தொட்டு அதனுடன் வளர்ந்து வந்திருக்கிறது. அவ்வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தால், செயலி சோம்பியிருக்கவில்லை, எதற்காகவோ காத்திருக்கிறது என்னும் உண்மை புலனாகும். எதற்காகக் காத்திருக்கிறது என்று கேட்டவர்கள் வழி கண்டனர். அதனைக் கேளாதவர்கள் பொருளை இழந்தனர்.

ஆலையும் பண்டகசாலையும்

1830-களில் சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கில அறிஞர் பகுப்புப் பொறி ஒன்றைத் திட்டமிட்டார். அவர் வாழ்நாளில் அது முழுமை பெறவில்லை. எனினும் அதன் அமைப்பு இன்றைய கணினிக்கு முன்னோடி எனலாம். எண்களைக் கூட்டிப் பெருக்கும் பகுதிக்கு அவர் ‘ஆலை’ என்று பெயரிட்டார். எண்களை வைத்திருக்கும் பகுதியைப் ‘பண்டகசாலை’ என்றார். இவை அந்நாளைய நூற்பாலைத் தொழிலிலிருந்து எடுத்த சொற்கள். பஞ்சு வந்து சேர்ந்தாலன்றி ஆலை நூற்க இயலாது. அதுபோலவே பண்டகசாலையிலிருந்து எண் வந்து சேர்ந்தாலன்றிக் கணிக்கும் பகுதிக்கு வேலையில்லை. ஆதலின் காத்திருத்தல் என்பது பொறியின் பிறவிக் குணம் என்றே கொள்ளல் வேண்டும்.

1945-ஆம் ஆண்டு எட்வாக் என்னும் மின்னணுக் கணிப்பொறியின் திட்டம் பற்றி ஜான் வான் நாய்மன் ஓர் அறிக்கை வரைந்தார். கணிக்கும் பகுதி ஒருபுறமும் நினைவகம் மறுபுறமுமாக நிற்கும் அமைப்பு அதனால் நிலைபெற்றது. செய்யவேண்டிய கட்டளைகளும் கட்டளைக்கு உரிய எண்களும் ஒரே நினைவகத்திலிருந்து வரவேண்டும். பார்ட்ரான் மொழியை ஆக்கிய குழுவின் தலைவரான ஜான் பேக்கஸ், 1977-இல் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில், இவ்விரு பகுதிகளுக்கும் இடையேயுள்ள குறுகிய வழியை ‘வான் நாய்மன் இடுக்கு’ என்று குறித்தார். செயலி எத்துணை விரைவுடையதாயினும், இடுக்கின் வழியே வருவதைத்தான் அது உண்ண முடியும்.

விலையுயர்ந்த காத்திருப்பு

1950-களிற் கணிப்பொறி என்பது ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும் பெரும் பொறியாகும். அதன் விலையோ பெருஞ்செல்வம். ஆயினும் அட்டைகளில் துளையிட்டு வைத்த செய்தியைப் படிக்கும் கருவியும், விடையை அச்சிடும் கருவியும், கணிக்கும் பகுதியோடு ஒப்பிட்டால் ஆமை வேகத்தில் இயங்கின. ஓர் அட்டை படிக்கப்படும் நேரத்திற்குள் பொறி பல்லாயிரம் கூட்டல்களைச் செய்து முடித்திருக்கக்கூடும். எனினும் அது கைகட்டிக் காத்திருந்தது. அக்காத்திருப்பின் ஒவ்வொரு மணி நேரமும் பணமாக எண்ணப்பட்டது.

இங்கேதான் அறிஞர் சிலர் சிந்திக்கத் தொடங்கினர். ஒரு வேலை காத்திருக்கும்போது மற்றொரு வேலையைச் செய்தால் என்ன? 1959-இல் பாரிஸ் நகரிற் கூடிய அனைத்துலக மாநாட்டிலே கிறிஸ்டபர் ஸ்ட்ராச்சி இக்கருத்தை விளக்கினார். அதே ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் ஜான் மெக்கார்த்தி, பலர் ஒரே பொறியை ஒருங்கே பயன்படுத்தும் முறையை வற்புறுத்தி ஒரு குறிப்பு எழுதினார். 1961-ஆம் ஆண்டு நவம்பரில் பெர்னாண்டோ கார்பட்டோவின் குழுவினர் அத்தகைய நேரப்பகிர்வு முறையை அங்கே செய்து காட்டினர். ஒருவர் தட்டச்சுப் பொறியின்முன் அமர்ந்து சிந்திக்கும் வேளையில் மற்றவருடைய கணக்கு நடந்தேறியது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னின் தலைமையில் உருவான அட்லஸ் கணிப்பொறி, 1962-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் தொடக்கவிழாக் கண்டது. அதில் விரைவான நினைவகம் சிறியது. மெதுவான உருளை நினைவகம் பெரியது. இவ்விரண்டையும் ஒன்றேபோலத் தோன்றச் செய்து, வேண்டிய பக்கத்தை வேண்டிய நேரத்தில் உருளையிலிருந்து கொண்டுவரும் ஏற்பாட்டை அவர்கள் கண்டனர். இன்று மெய்நிகர் நினைவகம் என்று வழங்குவது இதுவே.

இந்நன்மையின் பின்னே ஒரு தீமையும் வந்தது. பல வேலைகள் ஒருங்கே நடக்கும்போது, அவை அனைத்திற்கும் வேண்டிய பக்கங்கள் விரைவான நினைவகத்தில் இடங்கொள்ளாமற் போகும். ஒரு பக்கத்தைக் கொண்டுவர மற்றொன்றை வெளியேற்ற வேண்டும். வெளியேற்றியது அடுத்த நொடியே மீண்டும் தேவைப்படும். பொறி பக்கங்களைச் சுமப்பதிலேயே காலத்தைக் கழிக்கும். அப்போது கணிக்கும் பகுதி சும்மா இருக்கும். அதனைக் கண்ட மேற்பார்வை நிரல், ‘செயலிக்கு வேலை போதவில்லை’ என்று கருதி மேலும் ஒரு வேலையை உள்ளே அனுமதிக்கும்! நெருக்கடி இன்னும் மிகும். செயலி இன்னும் ஓயும். முடிவில் எல்லா வேலையும் நின்றுபோகும். பீட்டர் டென்னிங் என்பவர் 1968-இல் இந்நோயின் காரணத்தை விளக்கி, ஒவ்வொரு வேலைக்கும் அவ்வப்போது தேவையான பக்கங்களின் தொகுதிக்கு இடம் இருந்தாலன்றி அதனைத் தொடங்கலாகாது என்று காட்டினார்.

ஓய்ந்திருக்கும் செயலியைக் கண்டு அதன் காரணத்தை ஆராயாமல் வேலையைத் திணித்ததே அக்கேட்டை வளர்த்தது. இன்றும் நினைவகத்திற் கொள்ளாத பெருங்காட்சியைப் படமாக்க முயலும்போது இதே நிலை ஏற்படுகிறது. வட்டு ஓயாது உழைக்கும். செயலியின் அளவு தாழ்ந்திருக்கும். படம் மட்டும் நகராது. அங்கே வேண்டுவது புதிய செயலியன்று. கூடுதல் நினைவகம், அல்லது காட்சியின் சுமையைக் குறைத்தல்.

ஆம்டால் வகுத்த எல்லை

ஒரு செயலி போதாதென்றால் பல செயலிகளைச் சேர்த்தால் என்ன என்னும் எண்ணம் 1960-களில் வலுத்தது. அப்போது ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறியியல் அறிஞரான ஜீன் ஆம்டால் ஓர் எச்சரிக்கை விடுத்தார். 1967-ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில் அட்லாண்டிக் சிட்டி நகரில் நடைபெற்ற கணிப்பொறி மாநாட்டில் அவர் படித்த கட்டுரை சில பக்கங்களே கொண்டது. அதன் கருத்தைப் பின்வந்தோர் வாய்பாடாக ஆக்கி ‘ஆம்டால் விதி’ என்று பெயரிட்டனர்.

அவ்விதியை ரப்பர்த் தோட்டம் அறிந்தவர்க்கு விளக்குவது எளிது. காலையில் பால் வெட்டுவோர் நூறு பேர் என்று கொள்க. நூறு பேரும் ஒரே நேரத்தில் தத்தம் நிரைகளில் வெட்டலாம். ஒருவர் மற்றவர்க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பாலை நிறுக்கும் கொட்டகையில் தராசு ஒன்று. கணக்கெழுதும் கிராணி ஒருவர். அங்கே அனைவரும் வரிசையில் நிற்க வேண்டும். வெட்டுவோரை இருநூறு பேராக்கினால் வெட்டு விரைவில் முடியும். கொட்டகையின்முன் வரிசை நீளும். வரிசையில் நிற்கும் அவர்களைப் பார்த்துச் சோம்பேறிகள் என்று கூறுவார் உளரோ?

கணக்கிலும் இதனைக் காணலாம். ஒரு செயலி தனித்துச் செய்தால் 100 நிமிடம் பிடிக்கும் வேலை ஒன்று. அதில் 10 நிமிட வேலை ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யத்தக்கது. எஞ்சிய 90 நிமிட வேலையைப் பங்கிட்டுக் கொள்ளலாம். இரண்டு செயலிகள் இருப்பின் 10-உம் 45-உம் சேர்ந்து 55 நிமிடமாகும். பத்து இருப்பின் 19 நிமிடம். தொண்ணூறு இருப்பின் 11 நிமிடம். ஆயிரம் இருந்தாலும் 10 நிமிடத்திற்குக் கீழே இறங்காது.

இதே கணக்கு அளவுகாட்டியின் புதிரையும் விடுவிக்கிறது. தொண்ணூறு செயலிகள் 11 நிமிடம் இருந்தால் மொத்தம் 990 செயலி-நிமிடங்கள். அவற்றுள் உண்மையான வேலை நடந்தது 100 மட்டுமே. ஆகவே சராசரியாக அளவுகாட்டி 10 விழுக்காட்டைத்தான் காட்டும். பதினாறு செயலிகளாயின் 40 விழுக்காடு காட்டும். வேலையிற் சரிபாதி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியதாயின், அதே பதினாறு செயலிகளில் 12 விழுக்காட்டுக்கும் குறைவாகவே காட்டும். பொறியில் பழுது ஏதுமில்லை. வேலையின் இயல்பு அவ்வளவே.

ஆம்டாலின் கூற்று முடிவான தடையன்று என்பதையும் குறித்தல் வேண்டும். 1988-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் கஸ்டாப்சன், 1,024 செயலிகள் கொண்ட பொறியில் நடந்த கணக்குகளைச் சான்றாகக் காட்டினார். பொறி பெரிதாகும்போது மனிதன் அதே சிறு கணக்கைச் செய்வதில்லை, கணக்கையும் பெரிதாக்குகிறான். பெரிய கணக்கிலே பங்கிடத்தக்க பகுதியே மிகுகிறது என்பது அவர் வாதம். படமாக்கம் அவர் சொல்லுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஒளிக்கதிரின் கணக்கு

1970-களில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம் கணினிப் படக்கலையின் தொட்டிலாக விளங்கியது. வளைந்த பரப்பில் ஒளி படியும் விதத்தைக் கணிக்கும் முறைகளை ஹென்றி கூரோவும் புய் துவோங் பாங்கும் அங்கே வகுத்தனர். 1980-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டர்னர் விட்டட், கண்ணிலிருந்து ஒவ்வொரு படப்புள்ளியின் வழியாகவும் ஒரு கதிரைச் செலுத்தி, அது பட்டுத் தெறிக்கும் வழியையும் ஊடுருவும் வழியையும் தொடர்ந்து சென்று நிறத்தைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். கண்ணாடி உருண்டைகள் மிதக்கும் அவருடைய படங்கள் கண்டோரை வியப்பில் ஆழ்த்தின. ஒரு படத்தை ஆக்க ஒரு மணி நேரத்திற்கு மேலும் ஆயிற்று.

விட்டட் அத்துடன் நில்லாமல், காலம் எங்கே செலவாகிறது என்றும் அளந்தார். எளிய காட்சியில் 75 விழுக்காடும் சிக்கலான காட்சியில் 95 விழுக்காடும், கதிர் எந்தப் பொருளின்மீது படுகிறது என்று தேடுவதிலேயே கழிவதை அவர் கண்டறிந்தார். நிறத்தைக் கணிப்பதன்று, தேடலே பெருஞ்சுமை! அதே ஆண்டிற் ஸ்டீவன் ரூபினும் விட்டட்டும் சேர்ந்து, பொருள்களைப் பெட்டிக்குள் பெட்டியாகத் தொகுத்து வைக்கும் முறையைக் கூறினர். பள்ளியில் ஒரு மாணவனைத் தேடுவோர் ஆயிரம் பிள்ளைகளின் பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்பதில்லை. எந்த வகுப்பு என்று முதலிற் கேட்கின்றனர். அவ்வாறே, பெரிய பெட்டியைக் கதிர் தொடவில்லையாயின் அதனுள் இருக்கும் எதனையும் தேட வேண்டியதில்லை. இருகூறாகப் பிரித்துக்கொண்டே சென்றால், 1,024 பொருள்களுள் ஒன்றனைப் பத்துப் படிகளிற் சென்றடையலாம். புதிய பொறி எதுவும் வாங்காமலேயே கிட்டிய வேகம் இது.

1987-இல் ராபர்ட் குக், லோரன் கார்பென்டர், எட்வின் காட்மல் ஆகிய மூவரும் வெளியிட்ட ரேயஸ் என்னும் படமாக்க முறை நினைவகத்தின் இடுக்கைக் கருத்திற் கொண்டது. காட்சி முழுவதையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் வைத்துச் சுமக்காமல், படத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் வேண்டியதை மட்டும் கையாள அது வழி செய்தது.

இவ்வுழைப்பின் கனியாக 1995-ஆம் ஆண்டு ‘டாய் ஸ்டோரி’ திரைப்படம் வெளிவந்தது. முழுவதும் கணினியிலேயே ஆக்கப்பட்ட முதல் முழுநீளத் திரைப்படம் அது. 114,240 படச்சட்டங்கள் கொண்ட அப்படத்தை 117 சன் கணினிகள் ஆக்கின. செலவான பொறி நேரம் ஏறத்தாழ 800,000 மணி என்று கணக்கிட்டனர். அப்படியாயின் ஒரு படச்சட்டத்திற்குச் சராசரியாக 7 மணி நேரம். ஒரு சட்டத்தை ஆக்க மற்றொரு சட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வொரு சட்டம் என்று பங்கிட்டு விடலாம். தராசுக் கொட்டகையின் வரிசை இங்கே மிகச் சிறிது. கஸ்டாப்சன் கூறிய பெரிய கணக்கு இத்தகையதே.

வேகம் நின்ற காலம்

நீண்ட காலம் கணினி பயன்படுத்துவோர் இவற்றையெல்லாம் எண்ண வேண்டிய தேவை இல்லாதிருந்தது. ஆண்டுதோறும் செயலியின் துடிப்பு வேகம் ஏறிக்கொண்டே வந்தது. நேற்று எழுதிய நிரல், ஒரு சொல்லும் மாற்றாமலே, நாளைய பொறியில் விரைந்து ஓடியது. 1995-இல் வில்லியம் வுல்ப், சாலி மெக்கீ ஆகிய இருவரும், செயலியின் வேகம் வளரும் அளவுக்கு நினைவகத்தின் வேகம் வளரவில்லை. ஒருநாள் சுவரில் மோதியதுபோல் நிற்க நேரும் என்று எச்சரித்தனர். அதனைப் பொதுமக்கள் அறிந்தாரில்லை.

2004-ஆம் ஆண்டில் நிலைமை மாறிற்று. வேகத்தை மேலும் கூட்டினால் சில்லில் எழும் வெப்பத்தைத் தாங்க முடியாதென்று தெளிவாயிற்று. இன்டெல் நிறுவனம் டேஜாஸ் என்னும் அடுத்த செயலித் திட்டத்தைக் கைவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வெளிவரவேயில்லை. அதற்கு மாறாக, ஒரே சில்லில் ‘கோர்’ எனப்படும் செயலிகள் இரண்டை வைக்கும் வழி மேற்கொள்ளப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனம் 2001-இலேயே பவர்4 செயலியில் இதனைச் செய்திருந்தது. 2005-இல் பென்டியம் டி வாயிலாக அது வீட்டுக் கணினிக்கும் வந்து சேர்ந்தது. பின்னர் நான்கு, எட்டு, பதினாறு என்று கோர்கள் பெருகின.

பொறி மாறிற்று, நிரல்கள் உடனே மாறவில்லை. ஒரே கோருக்கென எழுதிய நிரல் பதினாறு கோர் உள்ள பொறியிலும் ஒன்றையே பயன்படுத்தும். அந்த ஒரு கோர் மூச்சுத் திணற உழைக்க, மற்றப் பதினைந்தும் சும்மா இருக்கும். அளவுகாட்டியோ அனைத்தையும் கூட்டிப் பதினாறால் வகுத்து 6 விழுக்காடு என்று காட்டும். இச்சிறு எண் சோம்பலின் அடையாளம் அன்று. ஒரு கோர் தன் முழு ஆற்றலையும் தந்துவிட்டது என்பதன் அடையாளம். படமாக்க நிரல்களிற்கூட, கதிர்களைக் கணிக்கும் பகுதி எல்லாக் கோர்களையும் ஆளலாம். காட்சியைத் திறந்து ஒழுங்கு செய்யும் பகுதி பல வேளைகளில் ஒரே கோரில் நடக்கும். படமாக்கம் தொடங்குமுன் நெடுநேரம் ஒன்றும் நடவாததுபோல் தோன்றுவது இதனாலேயே.

சில வேளைகளிற் குற்றம் நிரலில் இல்லாமல், வேலையைப் பங்கிடும் இயங்குதளத்திலேயே இருப்பதும் உண்டு. 2016-இல் அறிஞர் குழு ஒன்று, லினக்ஸ் இயங்குதளத்தின் பங்கீட்டுப் பகுதியில் நான்கு பிழைகள் இருப்பதைக் கண்டு வெளியிட்டது. வேலைகள் வரிசையில் நிற்கும்போதே சில கோர்கள் வெறுமனே இருந்தன. பல்லாயிரம் பேர் பயன்படுத்திய நிரலில் இப்பிழைகள் பல்லாண்டுகள் கண்ணிற் படாமற் கிடந்தன. வேலை நடந்துகொண்டிருந்தது, ஆனால் மெதுவாக நடந்தது. நின்றுபோன பொறியை எவரும் கவனிப்பர். மெதுவாக ஓடும் பொறியைக் கவனிப்பார் சிலரே.

மற்றொரு மாற்றத்தையும் கருத வேண்டும். படம் வரைவதற்கெனத் தனியே அமைந்த வரைகலைச் செயலி, 2007-இல் என்விடியா நிறுவனம் கூடா என்னும் நிரலாக்க முறையை வெளியிட்டபின், பொதுக் கணக்குகளுக்கும் எளிதிற் பயன்படலாயிற்று. படமாக்க நிரல்கள் பலவும் தம் பெருஞ்சுமையை அதன்மீது ஏற்றின. அப்போது நடுச் செயலியின் அளவு குறைந்திருப்பது முறையே. ஆயினும் விண்டோஸ் இயங்குதளத்தின் டாஸ்க் மேனேஜரில் வரைகலைச் செயலியின் அளவு 2017-ஆம் ஆண்டிலேதான் இடம்பெற்றது. அதுவரையிற் பலர் பாதிக் காட்சியை மட்டுமே பார்த்து முடிவு செய்து வந்தனர்.

அளந்து அறிதல்

இவ்வரலாறு முழுவதிலும் ஒரு பாடம் மீண்டும் மீண்டும் வருகிறது. 1971-இல் டொனால்டு நூத் பல பார்ட்ரான் நிரல்களை ஆராய்ந்து, ஒரு நிரலின் நான்கு விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே அதன் ஓட்ட நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்று காட்டினார். எஞ்சிய 96 விழுக்காட்டை எத்துணை திருத்தினாலும் பயன் சிறிதே. அந்நான்கு விழுக்காடு எது என்பதை ஊகத்தாற் கூற இயலாது. அளந்துதான் அறிய வேண்டும். 1982-இல் வெளிவந்த ஜிபுரோப் போன்ற கருவிகள் இவ்வளவை எளிதாக்கின.

நிரல் எழுதாதவரும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். படமாக்கம் மெதுவாக நடந்தால் பின்வருவனவற்றை வரிசைப்படி பார்த்தல் நலம்.

முதலாவது, செயலியின் மொத்த அளவைப் பாராமல் ஒவ்வொரு கோரையும் தனித்தனியே பார்த்தல் வேண்டும். ஒன்று மட்டும் நிரம்பியிருப்பின் வேலை வரிசையில் நிற்கிறது என்று பொருள். நிரலில் எத்தனை இழைகளைப் பயன்படுத்துவது என்னும் அமைப்பு சிறிய எண்ணில் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்றும் காண்க.

இரண்டாவது, வரைகலைச் செயலியின் அளவைக் காண்க. அது நிரம்பியிருந்தால் சுமை அங்கே இருக்கிறது. நடுச் செயலியைக் குறை கூற இடமில்லை.

மூன்றாவது, நினைவகமும் வட்டும். நினைவகம் நிரம்பி வட்டு ஓயாது உழைத்தால் அது டென்னிங் விளக்கிய பழைய நோய்.

நான்காவது, வெப்பமும் மின்சாரமும். தூசி அடைந்த விசிறியினால் வெப்பம் ஏறினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே தாழ்த்திக்கொள்ளும். மடிக்கணினி மின்சேமிப்பு நிலையில் இருந்தாலும் அவ்வாறே. ஒரு தூரிகை செய்யும் வேலைக்குப் புதிய கணினி வாங்குவது அறிவுடைமை ஆகாது.

ஐந்தாவது, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, மாற்றுமுன்னும் பின்னும் ஒரே காட்சியைப் படமாக்கி, நேரத்தைக் குறித்து வைத்தல். பல படச்சட்டங்கள் கொண்ட அசைபடமாயின், நினைவகம் இடங்கொடுக்கும் அளவுக்கு இரண்டு மூன்று சட்டங்களை ஒருங்கே ஆக்கிப் பார்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வட்டிலிருந்து செய்தி வருவதற்காகச் செயலி நிற்பதை அளவுகாட்டி ஓய்வு என்று கணக்கிடுகிறது. நினைவகத்திலிருந்து எண் வருவதற்காக நிற்பதையோ உழைப்பு என்றே கணக்கிடுகிறது. ஆதலின் 100 விழுக்காடு என்று காட்டும்போதும் செயலி உள்ளே காத்திருக்கக் கூடும். குறைந்த எண் சோம்பலைக் குறிப்பதன்று. நிறைந்த எண் நல்ல உழைப்புக்கு உறுதி கூறுவதுமன்று. எண்ணை வாசிப்பது வேறு. எண்ணின் பொருளை அறிவது வேறு.

பாபேஜின் ஆலை பஞ்சுக்காகக் காத்திருந்தது. 1950-களின் பொறி அட்டைக்காகக் காத்திருந்தது. அட்லஸின் வழிவந்தவை பக்கத்திற்காகக் காத்திருந்தன. இன்றைய பதினைந்து கோர்கள் தம்முள் ஒன்று முடிக்கும்வரை காத்திருக்கின்றன. பொறியின் வேகம் கோடி மடங்கு பெருகியும் காத்திருப்பு அகலவில்லை. இடம் மட்டுமே மாறிற்று. ஆகவே ஓய்ந்திருக்கும் செயலியைக் குற்றவாளியாகக் கருதலாகாது. அதனைச் சாட்சியாகக் கொண்டு, ‘எதற்காகக் காத்திருக்கிறாய்?’ என்று வினவுதல் வேண்டும்.

ஆசிரியர்க்கு இவ்வினா புதியதன்று. வகுப்பிலே பேசாது அமர்ந்திருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று எழுதிவிடுவது எளிது. அவன் முந்தைய பாடத்தின் ஒரு படி விளங்காமல் அங்கேயே நிற்கிறான் என்று கண்டறிவதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். அப்பொறுமை உடையவர், மெதுவாக ஓடும் கணினியின் முன்னும் பணப்பையைத் திறப்பதற்குமுன் அளவுகாட்டியைத் திறப்பர்.